வாசல் இல்லாத கட்டடமும் வந்து சேர்ந்த பூட்டும்

பராமரிப்புப் பிரிவில் இப்போது இருக்கும் இளம் பொறியியலாளர் போன வாரம் போன் எடுத்தார். எங்கள் வளாகத்தின் பழைய கலைப்பீடக் கட்டடத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டதாம். அதற்கு நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம்.

"ஜெசிந்தா மிஸ், அந்தக் கட்டடத்தோட ஆகக் கூடின நாள் இருந்த ஆள் நீங்கதான். இனிய நினைவுகள் எண்டு ஒரு கட்டுரை எழுதித் தாங்களன்" என்றார்.

நல்ல பிள்ளை. அவரில் பிழை இல்லை. ஆனால் அடுத்ததாக ஒன்று சொன்னார் பாருங்கள், எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறிவிட்டது. முகப்பு மண்டபத்தில் பதித்திருக்கும் கல்வெட்டு வாசகத்தையும் என் கட்டுரையோடு சேர்த்துப் போடப் போகிறார்களாம்.

அந்த வாசகம் எனக்கு மனப்பாடம். பளபளவென்று தேய்த்த கறுப்புக் கல்லில் பொன் நிற எழுத்து. கட்டப்பட்ட நாள் முதல் இந்தக் கட்டடத்துக்கு இருந்து வந்த நுழைவாயில் இன்மை என்னும் குறை நிவர்த்தி செய்யப்பட்டது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். குறையாம்! அந்தக் கல்லைக் கடந்து போன ஒவ்வொரு நாளும் எனக்கு வயிறு எரிந்தது. ஓய்வு பெற்றபின் வீட்டில் இருந்து நினைத்தாலும் எரிகிறது. இனிய நினைவு வேண்டுமென்றால் வேறு யாரிடமும் கேளுங்கள். எது குறை, எது குறையில்லை என்று நான் எழுதித் தருகிறேன். போடத் தைரியம் இருந்தால் போடுங்கள்.

நான் அங்கே படவரைஞராக இருந்தேன். கட்டடங்களின் வரைபடங்களைக் கீறுவதும் காப்பதும் திருத்துவதும் என் வேலை. கொழும்பில் படித்ததையும் ஆண்கள் மட்டும் இருந்த ஒரு காரியாலயத்தில் ஒரு பறங்கிப் பெட்டை வந்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தபோது அவர்கள் பார்த்த பார்வையையும் விட்டுவிடுகிறேன். அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். எங்கள் குடும்பம் மட்டக்களப்பு நகரில், அதாவது ரவுணில், இரும்புப் பட்டறைக் குடும்பம். பப்பா அந்தக் கட்டடத்துக்குக் கம்பி வளைத்தவர்களில் ஒருவர். அவருக்குப் பிறகு பட்டறை என் தம்பி அன்டனிடம் வந்தது. பூட்டு, சாவி, கேற், தையல் மெஷின், எதையும் திருத்துவான்.

கட்டடத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் மணல் நிலம். அந்த மணலில் நீளமாக நிற்கிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு நாடுகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் பெற்ற காலத்தில் உலகம் எங்கும் ஒருவகைக் கட்டடங்கள் எழும்பின. பூவேலை வேண்டாம், கோபுரம் வேண்டாம், தூண் தூணாகத் தெரியட்டும், கொங்கிறீட் கொங்கிறீட்டாகத் தெரியட்டும் என்று கட்டினார்கள். கொழும்பில் இருந்து வந்த ஒரு கட்டடக் கலைஞர் அந்தப் பாணியில் இதை ஆசிரியர் பயிற்சிக்காகக் கட்டினார். பல்கலைக்கழகம் பிறகுதான் வந்து குடியேறியது.

கீழ்த்தளத்தில் சுவரே இல்லை. வட்டத் தூண்கள் மட்டும். மேலே இரண்டு மாடிகளில் வகுப்பறைகள். அவற்றின் இரண்டு பக்கமும் ஓட்டைக்கல் சுவர்கள். கடற்காற்று ஒரு பக்கம் புகுந்து, படிக்கிற பிள்ளைகளின் தாள்களைக் கலைத்துவிட்டு, மறுபக்கத்தால் வாவிக்குப் போய்விடும். பங்குனி வெயிலிலும் அங்கே விசிறி தேடியவர் இல்லை. மேலே ஏறப் படிக்கட்டும் இல்லை. தூண்களுக்கு நடுவில் அகலமான ஒரு சாய்தளம் வளைந்து வளைந்து மேலே போகும். நாங்கள் அதை ஏத்தம் என்போம். ஆக, இந்தக் கட்டடத்துக்கு முன்கதவு கிடையாது. எந்தப் பக்கத்தாலும் வரலாம், தூண்களுக்கு இடையில் நடக்கலாம், ஏத்தத்தில் ஏறலாம். வகுப்பறைகளுக்குத்தான் பூட்டு. கட்டடத்துக்கு இல்லை.

அதை மேற்பார்த்துப் பராமரித்தவர் கணபதிப்பிள்ளை ஓவசியர். பழுகாமத்துக்காரர். என்னுடைய மேலதிகாரி. அவரைப் பற்றிச் சும்மா புகழ்ந்து எழுத மாட்டேன். அவரில் எனக்குக் கோபமும் இருக்கிறது. மேலிடத்தில் யார் என்ன சொன்னாலும் "ஓம் சேர். செஞ்சிரலாம் சேர்" என்பார். கைகட்டி, தலையைக் கொஞ்சம் சரித்து, வெத்திலை போட்ட வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். பிறகு அந்த வேலை நடக்கவே நடக்காது. சீமெந்து வரவில்லை சேர், மேசனுக்குக் காய்ச்சல் சேர், மழை விடட்டும் சேர். கேட்டவர் மாற்றலாகிப் போகும்வரை இழுப்பார். எனக்கு நேருக்கு நேர் சொல்லித்தான் பழக்கம். "நீங்க முடியாதெண்டு சொன்னா என்ன சேர்?" என்று ஒருமுறை வெடித்தேன்.

"முடியாதெண்டு சொன்னா ஏன் எண்டு கேப்பாங்க மிஸ். ஓம் எண்டு சொன்னா ஆரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க" என்றார்.

வேலையில் மட்டும் அந்த மனிசன் யாருக்கும் ஓம் சொன்னதில்லை. உப்புக் காற்று கொங்கிறீட்டுக்குள் போய்க் கம்பியைத் தின்னும். துரு ஊதும். ஊதினால் மேலே இருக்கிற சீமெந்து உள்ளுக்குள் விட்டுப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் தென்மேற்குக் கச்சான் காற்று ஓய்ந்த கையோடு அவர் சின்னச் சுத்தியலோடு புறப்படுவார். ஒவ்வொரு தூணையும் அடியில் இருந்து கை எட்டும் வரை தட்டிக்கொண்டு வருவார். நான் பின்னால் வரைபடத்தோடு போவேன். நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும். கெட்ட இடத்தில் சத்தம் செத்துக் கிடக்கும். "இவடத்த வட்டம் போடுங்க மிஸ்" என்பார். அந்த இடத்தைக் கம்பி தெரியும்வரை உடைத்து, கம்பியைப் பளிச்சென்று தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, சீமெந்துப் பால் பூசி, அது காயுமுன் கலவை வைத்து அடைப்பார்கள். கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று அவரே வாயில் விட்டுப் பார்த்துத் துப்புவார்.

ஏத்தம் என்றால் அவருக்கு உயிர். கட்டிய காலத்தில் ஈரச் சீமெந்தில் கயிற்றை வைத்து அழுத்தி, குறுக்காகத் தடம் போட்டிருந்தார்கள், கால் வழுக்காமல் இருக்க. மாரி வருமுன் அந்தத் தடங்களில் பிடித்த பாசியைத் தேங்காய்ப் பொச்சு வைத்து உரஞ்சச் செய்வார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றச் சொல்லி, தானே ஏறிப் பார்ப்பார். இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். ஏத்தத்தில் சைக்கிள் ஓடக்கூடாது, இறங்கி உருட்டத்தான் வேண்டும். யாராவது ஏறி மிதித்தால் வாவிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிக் கத்துவார்.

வாசல் இல்லாததால் வந்த தொல்லை என்ன தெரியுமா? நிறைகுடம். விழா என்றால் பிரதம விருந்தினரை வாசலில் நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி வரவேற்க வேண்டும். மாவிலைத் தோரணம் கட்ட வேண்டும். எங்கே கட்டுவது? தெருப்பக்கம் என்பார் ஒருவர். இல்லை, கிழக்குத்தான் மங்களம் என்பார் அடுத்தவர். கடைசியில் என்னிடம் வருவார்கள். "மிஸ், படத்தில முன்பக்கம் எது எண்டு போட்டிருக்கு?" நானோ வேதக்காரி, எனக்கு இந்தச் சண்டையில் பங்கில்லை. படத்தை விரித்துக் காட்டுவேன். வடக்கு முகம், தெற்கு முகம், கிழக்கு முகம், மேற்கு முகம். முன்பக்கம் என்று கீறியவர் எங்குமே போடவில்லை.

ஒருமுறை பீடாதிபதி பரிவாரத்தோடு தெருப்பக்கம் நிறைகுடத்துக்குப் பின்னால் வேர்த்து ஒழுக நின்றார். அன்று பாதையை மறித்துவிட்டார்கள், அது யுத்த காலம். விருந்தினரோ புத்திசாலி. வாவியால் தோணி பிடித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து, கன்டீன் வாங்கில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். கன்டீன் நடத்திய பூமணி அக்கா ஓடிவந்து, "சேர், உங்கட ஆள் அங்கால வடை கேக்கிறார், குடுக்கவா?" என்றபோது பீடாதிபதியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்த நாளே உத்தரவு: வாசல் ஒன்று கட்டு. ஓவசியர், "ஓம் சேர்" என்றார். காத்தான்குடியில் இருந்து தச்சர் இஸ்மாயில் ஓடாவியை அழைத்து, நல்ல முதிரைப் பலகையில் ஒரு கதவு நிலை செய்வித்தார். சுவரில்லாமல் தானே நிற்கும்படி அடியில் கால்கள் வைத்தது.

"ஓவசியர், இத்தன வருசம் நிலை செய்யிறன். செவர் இல்லாத நிலைக்கு இப்பதான் கூலி வாங்கிறன்" என்று ஓடாவி சிரியோ சிரி என்று சிரித்தார்.

அன்று முதல் விருந்தினர் எந்தப் பக்கம் வருகிறாரோ அந்தப் பக்கம் நால்வர் நிலையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். தோரணம் அதில், நிறைகுடம் அதன் முன்னால். விழா முடிந்தால் நிலை ஏத்தத்துக்குக் கீழே போய்விடும். எல்லாரும் சிரித்தோம், யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. கல்வெட்டில் சொல்லும் குறையை அந்த மனிசன் நான்கு பலகையால் தீர்த்து வைத்திருந்தார்.

சுனாமி அன்று ஞாயிறு, டிசம்பர் இருபத்தாறு, நத்தாருக்கு மறுநாள். முதல்நாள் மழையில் அந்தக் கட்டடத்து மேல்மாடிப் பரீட்சை மண்டபத்துக் கூரை ஒழுகியது என்று ஓவசியர் என்னை வரச் சொல்லியிருந்தார். நத்தாருக்கு மறுநாளும் விடமாட்டேன் என்கிற மனிசனைத் திட்டிக்கொண்டே காலைப் பூசை முடிந்து போனேன். அவர் மொட்டைக் கூரையில் மழைத்தண்ணீர்ப் பீலிகளை அடைத்திருந்த சருகை அள்ளிக்கொண்டிருந்தார். நான் மேல்மாடியில் ஒழுக்குக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று மேலே இருந்து ஒரு சத்தம். வார்த்தை இல்லை, வெறும் சத்தம். ஓட்டைக்கல்லால் கிழக்கே பார்த்தேன். கடல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சவுக்குத் தோப்புக்கு மேலால் வந்துகொண்டிருந்தது.

சனம் ஓடி வந்தது. கடற்கரைப் பக்கத்து வீடுகள் முழுவதும் வந்தது. ஈர மணலில் விழுந்து எழும்பி, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, எல்லாப் பக்கத்தாலும் தூண்களுக்குள் புகுந்து, ஏத்தத்தில் ஏறியது. யாரும் வாசலைத் தேடவில்லை. யாரும் யாரையும் சாவி கேட்கவில்லை. விடுமுறை நாள், காவலாளி கூட இல்லை. வளாகத்தில் மற்ற எல்லாக் கட்டடமும் பூட்டிக் கிடந்தது.

பூமணி அக்காவுக்கு அப்போதே மூட்டு வருத்தம், வேகமாக நடக்க மாட்டார். மகன் யோகராசா அவரைச் சைக்கிள் கரியரில் உட்கார வைத்து மிதித்து வந்தான். மகள் சுதா பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி ஓடி வந்தாள். பின்னால் தண்ணீர். யோகன் தூண்களுக்குள் புகுந்து, இறங்காமல், அப்படியே ஏத்தத்தில் ஏற்றினான். கூரையில் இருந்து இறங்கி ஓடிவந்த ஓவசியருக்கு இத்தனை வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"டேய்! எறங்கடா! எறங்கி உருட்டுடா!"

உடனே இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்: "எறங்காத மனே! மிதி! மிதி! மிதி!"

சைக்கிள் முதல் வளைவு திரும்பும்போது தண்ணீர் கீழ்த்தளத்துக்குள் வந்தது. கதவுகள், தோணி, கூரைத் தகரம், எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு தூண்களுக்கு இடையால் போய் வாவியில் விழுந்தது. தூண்கள் நின்றன. முன்சக்கரம் ஈரத்தில் ஒருமுறை தடுமாறியது, வழுக்கவில்லை. கயிற்றுத் தடம் பிடித்தது. எத்தனை பேர் அன்று எங்களோடு மேலே நின்றார்கள் என்று நான் எண்ணவில்லை. வராதவர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுத சத்தம்தான் நினைவில் இருக்கிறது. அன்றைய மிச்சத்தை எழுத எனக்கு இன்னும் மனம் இடம் கொடுக்கவில்லை.

பிறகு மாதக்கணக்கில் அந்தக் கட்டடம் முகாம். நான் பொய் சொல்ல மாட்டேன், சுவரில்லாத கீழ்த்தளத்தில் குடும்பங்கள் இருப்பது லேசான காரியம் இல்லை. பெண்கள் உடுப்பு மாற்ற மறைப்பில்லை. ஒருநாள் பூமணி அக்கா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் அழுதார். "மிஸ், சுதா பெரியபுள்ளயாயிற்றாள். இந்தச் சனத்துக்குள்ள எங்க கொண்டுபோய் இருத்திற?" அந்தப் பிள்ளை சாக்கு ஒன்றைப் போர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ஏத்தத்துக்குக் கீழே குந்தியிருந்தாள்.

அவள் பக்கத்திலேயே அந்த முதிரை நிலை சாய்ந்து கிடந்தது. தண்ணீர் அதை ஏத்தத்தின் அடியில் செருகிவிட்டுப் போயிருந்தது. ஓவசியரும் இரண்டு பெடியன்களும் அதை நிமிர்த்தி, மூலையில் நிறுத்தினார்கள். சனத்திடம் ஆளுக்கொரு சீலை வாங்கினோம், இருந்ததே ஒன்றிரண்டுதான். நிலையில் ஒன்று, தூணுக்குத் தூண் மற்றவை. அறை வந்துவிட்டது. சுதா அந்த நிலையால் உள்ளே போனாள். ஓவசியர் எங்கிருந்தோ மாவிலை பறித்து வந்து, யாருக்கும் சொல்லாமல் அதில் கட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த மூலை முகாமில் எல்லாப் பெண்களுக்கும் ஆனது.

முகாம் கலைந்தது. ஓவசியர் ஓய்வு பெற்றுப் பழுகாமத்துக்குப் போனார். யோகனுக்குப் பல்கலைக்கழகத்தில் காவலாளி வேலை கிடைத்தது. யுத்தம் முடிந்தது. முடிந்த கையோடு அபிவிருத்தி வந்தது. அதுவரை ஒரு மூட்டை சீமெந்துக்கு நாங்கள் தவம் கிடந்தோம். இப்போது செலவழித்து முடிக்கக் காசு அவசரமாக வந்தது. செலவழித்ததாகத் தெரியவும் வேண்டும். தூணுக்குள் துரு தட்டிப் பார்ப்பதை யார் படம் பிடிப்பார்கள்? அபிவிருத்திக் குழு, முகப்பு மண்டபம் கட்டுவது என்று தீர்மானித்தது. கீழ்த்தளத்தைச் சுற்றிச் சுவரும் கண்ணாடியும், தெருப்பக்கம் பெரிய வாசல், அதற்கு றோலர் சட்டர். ஏத்தம் அந்தச் சுவருக்குள் போய்விடும். அதற்கும் பளபளக்கும் தரை போடுவார்களாம்.

கூட்டத்தில் எழுந்தேன். "சேர், தண்ணி வந்த அண்டைக்கு சனம் எப்படி மேல போனது எண்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

தலைவர் புதியவர், பெரிய படிப்பு, மரியாதையான மனிதர். "தெரியும் மிஸ். வருத்தமான சம்பவம். ஆனா ஒரு பல்கலைக்கழகத்துக்கு முகம் வேணுமே. ஆரும் வரலாம் போகலாம் எண்டு இருக்க இது சந்தையா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் சுனாமி அன்று அந்த ஏத்தத்தால் ஏறித் தப்பியவர்கள். பெயர் எழுத மாட்டேன், வாசிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஓவசியர் சொன்னால் கேட்பார்கள். பஸ் எடுத்துப் பழுகாமம் போனேன். வயல் வட்டையில் இருந்து சேற்றுக் காலோடு வந்தார். எல்லாம் கேட்டார். "வாறன் மிஸ்" என்றார். சொன்னபடி அடுத்த கூட்டத்துக்கு வந்தார், வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு. முன்னாள் அலுவலர் என்று மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தலைவர் படத்தைக் காட்டி, "ஐயா, நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

அவர் எழும்பினார். கைகட்டினார். தலையைச் சரித்தார். "ஓம் சேர். நல்லா இருக்கு சேர்."

அவ்வளவுதான். வந்த கோபத்துக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வெளியே போய் மாமரத்தடியில் அவரைப் பிடித்தேன். "என்ன சேர் செஞ்சிட்டு வந்திருக்கிறயள்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பழக்கம் மிஸ். வேற ஒண்டும் வாயில வருகிதில்ல" என்றார். முன்பெல்லாம் அவர் ஓம் சொன்னால் அதற்குப் பின்னால் சீமெந்து வராது, மேசனுக்குக் காய்ச்சல் வரும். இப்போது அந்தச் சாவகாசம் ஒன்றும் அவர் கையில் இல்லை. அந்த ஓம் வெறும் ஓமாகப் போய்விட்டது. அவரை அதற்காக நான் மன்னிக்கவில்லை, அவருடைய செத்த வீட்டில் நான் விம்மி விம்மி அழுதபோதும்கூட மன்னிக்கவில்லை.

முகப்பு மண்டபம் எழும்பியது. கயிற்றுத் தடத்துக்கு மேல் வழுவழுப்பான மாபிள் ஒட்டினார்கள். திறப்பு விழாவுக்குப் பால் காய்ச்ச அடுப்பு மூட்டியபோது விறகு போதவில்லை. ஏத்தத்துக்குக் கீழே கிடந்த பழைய பலகையைக் கொத்தி எரித்தார்கள். நான் போய்ச் சேரும்போது இஸ்மாயில் ஓடாவி செதுக்கிய கால் ஒன்று மட்டும் அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புது வாசலுக்கு முன்னால் நிறைகுடம் அம்சமாக இருந்தது. எல்லாரும் படம் எடுத்தார்கள்.

பிறகு ஒரு சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் சுனாமி எச்சரிக்கை வந்தது. எங்கோ தூரத்தில் கடலடியில் நிலம் நடுங்கியதாம். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோக்கள் கடற்கரைத் தெருவால் கத்திக்கொண்டு போயின. நான் அன்று கன்டீனுக்குப் பின்னால் இருந்த எங்கள் காரியாலயத்தில் படங்களைப் பூச்சி அரிக்காமல் தட்டி வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால், சனம் வருகிறது. முன்பு வந்த அதே சனம், அதே பக்கம். அவர்களின் கால்களுக்கு வழி தெரியும். நேரே தூண்களை நோக்கி ஓடி வந்து சுவரில் முட்டினார்கள். கண்ணாடியில் தட்டினார்கள். சுற்றிக்கொண்டு தெருப்பக்கம் ஓடினார்கள். அங்கே சட்டர். பூட்டு.

காவலுக்கு நின்றவன் யோகன்.

"தொற தம்பி!" என்று கத்தினார்கள். அவன் இரண்டு கையையும் விரித்தான். "எங்கிட்ட சாவி இல்ல. மெய்யா இல்ல. லீவுக்கு சாவிய ரவுணுக்குக் கொண்டு போயிற்றாங்க." போனைக் காதில் வைத்துக்கொண்டு யார் யாரையோ அழைத்தான். பதில் இல்லை. கடைசியில் பொறுப்பதிகாரி போனில் கிடைத்தபோது, ஊரில் வயல் வரப்பில் நிற்கிறாராம், மேலிடத்தில் கேட்காமல் உடைக்கக் கூடாதாம். நான் போனைப் பறித்தேன். என் வாயில் வந்தவை இந்த மலரில் போட முடியாதவை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூமணி அக்கா வந்தார். சுதா தாங்கிப் பிடித்திருந்தாள், அவள் இடுப்பில் ஒரு குழந்தை. அக்கா சட்டரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தார். மகனைப் பார்த்தார்.

"மனே, தொறடா. அண்டைக்கு என்ன ஏத்திக் கொண்டு போன வழிதானே மனே. தொறடா."

"சாவி இல்லம்மா" என்றான். இத்தனை பேர் முன்னால் ஏங்கி ஏங்கி அழுதான். பிறகு சட்டரை உதைக்கத் தொடங்கினான். காவலாளிச் சப்பாத்தோடு, வெறி பிடித்தவனாக உதைத்தான். அது அசையவில்லை. அபிவிருத்தி போட்ட சாமான் அல்லவா, தரமான சட்டர். அந்த வெயிலில் அதற்கு முன்னால் கிழவிகளும் பிள்ளைகளும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றேன். பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடல் வரவில்லை. எச்சரிக்கையை மீளப் பெற்றார்கள். சனம் கலைந்து போனது. கடல் வராததால் யாரும் யாரையும் கேட்கவில்லை. விசாரணை இல்லை, கூட்டம் இல்லை, சட்டரைத் திறந்து வைக்கும் யோசனைகூட இல்லை. வந்திருந்தால் அந்தக் கறுப்புக் கல்லில் எத்தனை பெயர் வெட்ட வேண்டி வந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தீர்களா, தலைவர் அவர்களே?

ஆனால் ஒன்று செய்தார்கள். அடுத்து வந்த விழாவில் யோகராசாவை மேடைக்கு அழைத்தார்கள். நெருக்கடியான நேரத்தில், கூட்டம் முண்டியடித்தபோதும், பல்கலைக்கழகச் சொத்தைக் காப்பாற்றிய பொறுப்புணர்வுள்ள ஊழியராம். பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். அவன் அந்த மினுங்கும் துணியைப் போர்த்திக்கொண்டு, பிரம்படிக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையைக் குனிந்து நின்றான். நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். எழும்பினேன், கதிரையைச் சத்தம் வரத் தள்ளினேன், வெளியே நடந்தேன். நேரே ரவுணுக்குப் பஸ் ஏறினேன். என் தம்பி அன்டனின் பட்டறையில் போய் இறங்கினேன்.

பொறியியலாளர் தம்பி, இனி வருவதைக் கவனமாக வாசியுங்கள். உப்புக் காற்று எந்தப் பூட்டையும் விட்டு வைக்காது. உங்கள் தரமான சட்டரின் பூட்டும் சில மாதத்துக்கொருமுறை இறுகும். இறுகினால் நிர்வாகம் அன்டனைத்தான் கூப்பிடும், இந்தக் கரையில் அந்த வேலை தெரிந்த வேறு ஆள் இல்லை. அவன் வருவான், சாவியை வாங்கிப் பூட்டைக் கழற்றுவான், எண்ணெய் விடுவான், மாட்டிவிட்டுப் போவான். அவன் பையில் சாவியைப் பதித்து அச்செடுக்க மெழுகும் இருக்கும்.

அந்தப் பூட்டின் சாவி இப்போது ரவுணில் மட்டும் இல்லை. கடற்கரைத் தெருவில் கோயிலில் ஒன்று இருக்கிறது, பள்ளிவாசலில் ஒன்று இருக்கிறது, எங்கள் சேர்ச்சில் ஒன்று இருக்கிறது. மீன் வாடியில் ஒன்று. சுதாவின் வீட்டில் அரிசிப் பெட்டிக்கு மேலே ஆணியில் ஒன்று தொங்குகிறது, பூமணி அக்கா தினமும் அதைத் தொட்டுப் பார்க்கிறாராம். ஒரு பொருளும் இன்றுவரை களவு போகவில்லை, தெரியும்தானே. யோகனை விசாரிக்க வேண்டாம். அவனுக்கு எதுவும் தெரியாது. செய்வித்தது நான், என் பெயரும் விலாசமும் உங்களிடம் இருக்கிறது.

இதை வாசித்தவுடன் பூட்டை மாற்ற வேண்டும் என்று தோன்றும். தாராளமாக மாற்றுங்கள். புதுப் பூட்டைப் பொருத்தவும் அன்டனைத்தான் கூப்பிடுவீர்கள்.